நெருங்கும் விரிசல்கள் நேராக இணைவதில்லை
பாறையில் எதிரெதிராக வளரும் இரண்டு விரிசல்கள் முனையோடு முனை நேராகச் சேர்ந்துவிடும் என்று இங்கே சொல்லப்பட்டு, பலராலும் வழிமொழியப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒரே கோட்டில் இல்லாமல் சற்றே விலகி இணையாக இருக்குமானால், இழுவிசையின் கீழ் நடப்பது வேறு என்பதைப் பணிவுடன் குறிப்பிட விரும்புகிறேன். நெருங்குகையில் முனைகள் சிறிது விலகிச் செல்கின்றன. ஒன்றையொன்று கடந்தபின், ஒவ்வொன்றும் மற்றதன் பக்கவாட்டை நோக்கிக் கொக்கிபோல் வளைந்து, பெரும்பாலும் ஏறத்தாழச் செங்குத்தாக முட்டுகிறது. திறந்த விரிசலின் முகத்தில், முகத்துக்கு இணையான இழுவிசை மட்டுமே எஞ்சியிருக்க முடியும் என்பதும், விரிசல் எப்போதும் இழுவிசைக்குக் குறுக்காகவே ஓட முயலும் என்பதும் இதற்குக் காரணம்.

மெல்லிய ஜெலட்டின் தகட்டின் எதிரெதிர் ஓரங்களில், ஒரு விரல் அகலம் தள்ளி இரண்டு கீறல்களை வெட்டி, கீறல்களுக்குக் குறுக்காக மெதுவாக இழுத்துப் பாருங்கள் (காகிதத்தில் நார்கள் பாதையைத் திருப்பக்கூடும்). கீறல்களுக்கு இடையே கண் வடிவத் துண்டு ஒன்று உருவாவதைக் காணலாம்.