வலிக்கிறதா என்று கேட்டால் போதாது

அம்மாவுக்குப் பதினேழு வருடமாகச் சுகர். குறிஞ்சிப்பாடி பக்கம் கிராமத்தில் இருக்கிறார், நான் கடலூர் முதுநகரில். அவரைப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்றால் விடிவதற்குள் கிளம்பி, கடலூரில் பஸ் மாறி, ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நின்று, வீடு திரும்ப விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். என் ஒரு நாள் சம்பளமும் போகும். செல்போனிலேயே டாக்டரைப் பார்க்கலாம் என்று வந்தபோது எங்கள் வீட்டில் அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான்.

போன ஐப்பசியில் ஒரு செயலி மூலமாக வீடியோ காலில் ஒரு டாக்டர் பேசினார். பொறுமையாகத்தான் பேசினார். “கால்ல புண்ணு, வலி ஏதாவது இருக்கா?” என்றார். “அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க சார்” என்றார் அம்மா. மாத்திரைச் சீட்டு வந்தது. அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து, அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக வரும் அக்கா பிரஷர் பார்க்க வந்தார். “காலைத் தூக்கித் திண்ணையில வைங்கம்மா, பார்ப்போம்” என்றார். பெருவிரலுக்கு அடியில், பழைய நாலணா அளவுக்கு ஒரு புண். சுற்றிலும் தோல் வெளுத்துத் தடித்திருந்தது. பக்கத்தில் விரலால் அழுத்தினார். அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, வாசலில் போகிற ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா டாக்டரிடம் பொய் சொல்லவில்லை. சுகர் நாள்பட்டால் பலருக்குப் பாதம் மரத்துப்போகும், முள் குத்தினாலும் தெரியாது. அப்படிப்பட்டவரிடம் வலிக்கிறதா என்று கேட்டு என்ன பயன்?

மறுநாள் துணை சுகாதார நிலையத்தில் நர்சம்மா அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் டாக்டரைக் கூப்பிட்டார். இதுவும் அதே வீடியோதான். ஆனால் இந்த முறை புண்ணைத் துடைத்து, டார்ச் அடித்து, காலைத் திருப்பிக் காட்ட ஒருவர் இருந்தார். ஆழம் எவ்வளவு, வாடை வருகிறதா, பாதம் சூடாக இருக்கிறதா என்று டாக்டர் கேட்கக் கேட்க அவர் தொட்டுப் பார்த்துச் சொன்னார். உடனே மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். விரல் பிழைத்தது.

தொலைமருத்துவம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அதே மாத்திரையைத் தொடர்வதற்கு ஜிப்மர் வரை போக வேண்டியதில்லை. மனசு சரியில்லை என்றால் 14416-இல் டெலிமானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி இருக்கிறது. அதற்குத் தொட்டுப் பார்க்கும் கை தேவையில்லை, முகம் தெரியாமல் பேசுவதே சிலருக்குச் சௌகரியம். ஆனால் உடம்பைப் பார்க்க வேண்டிய இடத்தில் நோயாளிக்குப் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளிலேயே, சுகாதாரப் பணியாளர் உடனிருந்து டாக்டரிடம் பேசுவது தனி வகையாக இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களும் அப்படித்தான் நடக்கின்றன: கிராமத்தில் பயிற்சி பெற்ற பெண் கருவி வைத்துக் கண்ணைப் பார்த்துச் சொல்ல, டாக்டர் பெரிய மருத்துவமனையிலிருந்து வீடியோவில் பேசுவார்.

அதனால் அரசாங்கத்துக்குச் சொல்கிறேன்: வீடியோ காலுக்கு டேப்லெட் வாங்கும்போது அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நர்சையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். துணை சுகாதார நிலையத்தில் இடம் காலியாக இருந்தால் அதை முதலில் நிரப்புங்கள்.

அதுவரைக்கும், ஊரில் அப்பா அம்மாவை விட்டுவிட்டு வீடியோ காலில் வைத்தியம் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டாக்டர் கேட்காவிட்டாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையாவது கூப்பிட்டு, பகல் வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் கேமராவில் காட்டச் சொல்லுங்கள். இரண்டு காலையும்.