திங்கட்கிழமை கடை கிடையாது

பிரான்ஸ் கிராமங்கள் வழியாகத் தனியாக சைக்கிள் ஓட்டிய படங்களைப் போட்டதிலிருந்து எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "தனியாவா? பயமா இல்லையா?" ராத்திரி கூடாரத்தில் நிம்மதியாகத் தூங்கினேன். பயந்தது பட்டப்பகலில், மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு, ஒரு மளிகைக் கடையின் இறக்கிவிட்ட ஷட்டருக்கு முன்னால்.

லுவார் ஆற்றை ஒட்டி நெவெர் பக்கத்திலிருந்து அட்லாண்டிக் கடல் வரை சுமார் 900 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை இருக்கிறது. போன ஜூனில் அதில் ஓட்டிய ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன், லா ஷாரித்தே என்ற ஊரிலிருந்து ப்ரியார் வரை, 80 கிலோமீட்டர் சொச்சம். லா ஷாரித்தே என்றால் தருமம் என்று அர்த்தம். அங்கிருந்த மடத்துத் துறவிகள் வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டதால் வந்த பெயர் என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் படுத்து எழுந்துவிட்டு, ஒரு காபியும் நாலு பிஸ்கட்டும் மட்டும் வயிற்றில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். நம் ஊர்ப் புத்தி. எந்த ரோட்டில் போனாலும் பத்து நிமிஷத்தில் ஒரு டீக்கடை வரும், அதில் ஒரு வடையாவது இருக்கும் என்ற நம்பிக்கை உடம்பிலேயே ஊறிப்போயிருக்கிறது, அதை எந்த வரைபடமும் மாற்ற முடியாது.

காலை நன்றாகத்தான் போனது. ஆற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு கால்வாய் ஓடுகிறது, 1838இல் திறந்தது. லுவாரில் கோடையில் தண்ணீர் வற்றி மணல்திட்டாகக் கிடக்கும், திடீரென்று வெள்ளமும் வரும், அதை நம்பிச் சரக்குப் படகு விட முடியாது என்பதால் ஆற்றுக்கு இணையாக 196 கிலோமீட்டருக்கு இன்னொரு நீர்வழி வெட்டியிருக்கிறார்கள். இப்போது அதில் சரக்கு போவது அபூர்வம், விடுமுறைக்கு வந்தவர்கள் வாடகைப் படகில் மதுக் கோப்பையோடு நம்மைவிட மெதுவாகப் போகிறார்கள். கரையில் சமதரை, நிழல், அசையாமல் நிற்கிற நாரை. எதிரே வருகிற ஒவ்வொருவரும் "போன்ஷூர்" சொல்கிறார்கள், திருப்பிச் சொல்லியே ஆகவேண்டும், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாலும்.

அப்புறம்தான் நான் முட்டாள்தனம் செய்தேன். எழுபது வயது இருக்கும் நாலு பேர், மின்சார சைக்கிளில், அரட்டை அடித்தபடியே என்னைத் தாண்டிப் போனார்கள். அதில் ஒரு அம்மா கையை வேறு ஆட்டினார். என் வண்டி இரும்பு, பின்னால் கூடாரம், அடுப்பு, துணி எல்லாம் சேர்த்து இருபது கிலோ, எதிர்க்காற்று வேறு. இருந்தாலும் விடவில்லை, முக்கால் மணி நேரம் அவர்கள் பின்னாலேயே மிதித்தேன். பிரான்சில் சைக்கிள் பயணத்துக்கே பிதாமகர் மாதிரி ஒருவர் இருந்தார், போல் த விவி (1853-1930), வெலோசியோ என்பது அவருடைய புனைபெயர். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கு அவர் வகுத்த விதிகள் இன்றும் பிரபலம். பசிக்கும் முன்பே சாப்பிடு, தாகம் எடுக்கும் முன்பே குடி என்பது ஒன்று. வீம்புக்கு மிதிக்காதே என்பது இன்னொன்று. ஒரே காலையில் இரண்டையும் மீறியாயிற்று.

சான்செர் மலையை இடது பக்கம் அண்ணாந்து பார்த்ததோடு சரி, ஏறவில்லை. அதற்குப் பக்கத்து ஊரான ஷவிஞோலில் உருண்டையாக ஓர் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி செய்கிறார்கள், ரொம்பப் பிரசித்தம், பெயர் க்ரொத்தான். அந்த வார்த்தைக்குக் குதிரைச் சாணம் என்றும் அர்த்தம் உண்டு. அன்றைக்கு யாராவது கொடுத்திருந்தால் எந்த அர்த்தத்தில் என்று கேட்காமல் வாங்கித் தின்றிருப்பேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல் கால் காலியானது. வலி கிடையாது, கால் இருக்கிறது, மிதிக்கத்தான் ஆள் இல்லை. கை லேசாக நடுங்குகிறது, கண்ணுக்கு முன்னால் பாதை சற்று தள்ளிப் போகிறது. உடம்பில் சேமித்து வைத்த சர்க்கரை தீர்ந்துவிட்டால் இப்படி ஆகும், அங்கே அதை ஃப்ராங்கால் என்கிறார்கள். பாதையை விட்டு இறங்கி ஒரு கிராமத்துக்குள் உருட்டிக்கொண்டே போனேன். மளிகைக் கடை பன்னிரண்டரைக்கு மூடி மூன்று மணிக்குத் திறக்கும் என்று கையால் எழுதி ஒட்டியிருந்தது. எதிரே பேக்கரி, திங்கள் விடுமுறை. சர்ச் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை, அதுவும் திங்கள் விடுமுறை. தெருவில் ஒரு ஆள் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. எல்லா ஜன்னலிலும் மரக்கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே எங்கோ தட்டில் கரண்டி படுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. பசியோடு நிற்கிறவளுக்கு அதைவிடக் கொடுமையான சத்தம் கிடையாது.

ஊர் நடுவில் முதல் உலகப்போர் நினைவுத்தூண், அதன் படியில் உட்கார்ந்து பை அடியில் நசுங்கிக் கிடந்த ஐந்து பேரீச்சம்பழத்தைத் தின்றேன். இந்தத் தூண் இல்லாத ஊரே கிட்டத்தட்ட அங்கே கிடையாது. புதுச்சேரிக் கடற்கரையில் இருக்கிற பிரெஞ்சுப் போர் நினைவகத்தைப் பலமுறை கடந்து போயிருக்கிறேன், ஒரு பெயரையும் நின்று படித்ததில்லை. இங்கே வேறு வேலை இல்லாததால் படித்தேன். 1914-1918, இருபத்தேழு பேர். ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வருகிறது. அந்த ஊரில் மொத்தமே நூறு வீடு இருந்தால் அதிகம்.

தண்ணீரும் தீர்ந்துபோயிருந்தது. அதற்கு அங்கே எல்லா சைக்கிள்காரர்களுக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு, கல்லறைத் தோட்டம். பூச்செடிக்கு ஊற்றுவதற்காக வாசலிலேயே குழாய் இருக்கும், பச்சை பிளாஸ்டிக் பூவாளிகள் வரிசையாகத் தொங்கும். குடிக்கக்கூடாத தண்ணீர் என்று பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பாட்டில் பிடித்தேன், தலையிலும் ஊற்றிக்கொண்டேன். சாயங்காலம் அம்மாவிடம் போனில் சொன்னபோது "ஏன்டி, சுடுகாட்டுத் தண்ணியவா குடிச்ச?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

அந்த நினைவுத்தூண் படியில் உட்கார்ந்துதான் எங்கள் வாட்ஸப் குழுவில் புலம்பினேன். உடனே ஒருவர், "சோம்பேறிப் பசங்க, அதான் அந்த நாடு முன்னேறல" என்று எழுதினார். பசி வேகத்தில் நானும் ஒரு கைதட்டல் போட்டேன். அதை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன், இந்தப் பதிவே அதற்காகத்தான். பேக்கரிக்காரர் விடியற்காலை மூன்று மணிக்கு மாவு பிசைகிறவர். பல மாவட்டங்களில் அவர் வாரத்தில் ஒருநாள் மூடியே ஆகவேண்டும் என்று ஆணை இருக்கிறது. ஓப் மாவட்டத்தில் ஒருவருக்கு ஏழு நாளும் திறந்து வைத்ததற்காக 3,000 யூரோ அபராதம் என்று 2018இல் செய்தியாகவே வந்தது. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் நம் தெருமுனை அண்ணாச்சி கடை காலை ஆறிலிருந்து இரவு பதினொன்று வரை திறந்திருப்பதை நாம் உழைப்பு என்று மெச்சுகிறோமே, அந்த அண்ணாச்சி தன் பிள்ளைகளோடு உட்கார்ந்து மத்தியானச் சோறு எத்தனை நாள் தின்றார் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? எனக்குப் பன்னிரண்டே முக்காலுக்குப் பசிக்கிறது என்பதற்காக அந்த மளிகைக் கடை அம்மா தன் தட்டை விட்டு எழுந்து வரவேண்டியதில்லை. நான்தான் காலையிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

இதில் நிஜமாகவே பயப்பட வேண்டிய விஷயத்தை நான் அடுத்த ஊரில் பார்த்தேன். அங்கே எந்தக் கடையிலும் நேரம் எழுதி ஒட்டவில்லை. சுவரில் பேக்கரி என்ற எழுத்து பாதி உதிர்ந்திருந்தது, கண்ணாடிக்குப் பின்னால் விற்பனைக்கு என்ற அட்டை, அதுவும் வெயிலில் வெளுத்து. தபால் நிலையம் வீடாகிவிட்டது. முன்னால் பஸ் நிறுத்தம் மாதிரி ஒரு பெட்டி, ரொட்டி இயந்திரம், 24 மணி நேரமும். வேறு ஏதோ ஊர் பேக்கரிக்காரர் காலையில் வந்து நிரப்பிவிட்டுப் போகிறார். 2022இல் பகெத் என்கிற நீளமான பிரெஞ்சு ரொட்டியைச் செய்கிற கைத்திறனை யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது, அந்த மரபு எனக்கு 1 யூரோ 20 சென்டுக்கு, ஒரு நீளக் குழாய் வழியாக, தொப் என்று வந்து விழுந்தது. பாதியை நின்ற இடத்திலேயே வெறும் ரொட்டியாகத் தின்றேன். அவ்வளவு ருசியான ஒன்றை வாழ்க்கையில் சாப்பிட்டதில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் அது சவசவ என்று இருந்தது.

தின்றுகொண்டிருக்கும்போதே ஒரு பெரியவர் செருப்போடு வந்தார், அட்டையைத் தேய்த்தார், எதுவும் விழவில்லை. பழகிய மாட்டைத் தட்டுவது போல இயந்திரத்தின் விலாவில் ஒரு தட்டு தட்டினார், விழுந்தது. என்னைப் பார்த்து, "சாயங்காலம் காலியாகிவிடும், இன்னொன்று எடுத்துக்கொள்" என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் பேக்கரி எப்போது மூடினார்கள் என்று கேட்டேன். யோசித்தார், "என் மனைவி இருந்தபோது திறந்திருந்தது" என்றார்.

இரவு பகலாகத் திறந்திருக்கிற அந்தப் பெட்டியைப் பார்த்தபிறகு, முந்தின ஊரில் மூன்று மணிக்குத் திறப்போம் என்று கையால் எழுதியிருந்த காகிதத்தின்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. ரயிலிலோ காரிலோ போயிருந்தால் இந்த இரண்டு ஊரும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும், இரண்டிலும் ஷட்டர் இறங்கித்தான் இருந்தது.

மீதி நாள் முழுக்க பெல்வில் அணுமின் நிலையம். 165 மீட்டர் உயரத்தில் இரண்டு குளிர்விப்பு கோபுரங்கள், மேலே சொந்தமாக மேகம் செய்துகொண்டு, மிதிக்க மிதிக்க அதே தூரத்தில் நின்றன. அதைத் தாண்டிய பிறகும் பின்னால் பார்க்கிற சைக்கிள் கண்ணாடியில் தெரிந்துகொண்டே வந்தது, வெறுத்துப்போய்க் கண்ணாடியை மடக்கிவிட்டேன்.

ப்ரியாரில் கால்வாயையே ஒரு பாலத்தின் மேல் தூக்கி லுவார் ஆற்றுக்கு மேலே கொண்டுபோகிறார்கள். 1896இல் திறந்தது, 662 மீட்டர் நீளம், தூண்கள் ஈஃபல் கோபுரம் கட்டிய அதே நிறுவனத்தின் வேலை. கீழே ஆறு, அதற்கு மேலே தண்ணீர், அந்தத் தண்ணீரில் ஒரு படகு. சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டே நடந்தேன். ஓட்டத் தெம்பு இல்லை என்பதும் ஒரு காரணம்.

ஏழரைக்குக் கூடாரத் திடலுக்குப் போய்ச் சேர்ந்தால் அலுவலக அறை பூட்டியிருந்தது. கதவில் ஒரு சீட்டு, பிடித்த இடத்தில் கூடாரம் போட்டுக்கொள்ளுங்கள், காலையில் பணம் கொடுத்தால் போதும் என்று. கேரியரில் கட்டியிருந்த இரண்டாவது ரொட்டி உலக்கை மாதிரி ஆகியிருந்தது, பாக்கெட் சூப்பில் ஊறவைத்து முடித்தேன். காலை எட்டரைக்கு ஒரு அம்மா ரசீதுப் புத்தகத்தோடு வந்தார். பணத்தைக் கொடுத்துவிட்டு முதல் வேலையாகப் பக்கத்தில் எந்தப் பேக்கரி திறந்திருக்கும் என்று கேட்டேன். "இன்று செவ்வாய், எல்லாம் திறந்திருக்கும்" என்றார். நான் சைக்கிளைத் திருப்புவதற்குள் பின்னாலிருந்து கத்தினார், "பன்னிரண்டரைக்குள் போய்விடு!"