வீட்டில் ஆளில்லையாம்!

'டெலிவரிக்கு வந்தோம், வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று மெசேஜ். அடப்பாவிகளா! பாம்பனில் எங்கள் வீட்டுத் திண்ணையில் காலையிலிருந்து நாலு பேர் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல் எவன் வந்தான்? ஒரு போன்கூட வரவில்லை. ஆன்லைனில் கேட்டது என்ன, பெரிய பீரோவா? ராத்திரி மீன்பிடிக்கப் போகும் அப்பாவுக்குத் தலையில் மாட்டும் லைட்.

குடோனில் நடப்பது என்னவோ பெரிய வித்தைதான், சும்மா சொல்லக்கூடாது. சோப்பு ஒரு வரிசை, செருப்பு ஒரு வரிசை என்றெல்லாம் பல இடங்களில் இப்போது அடுக்குவதில்லை. காலியாக இருக்கிற தட்டில் எதையும் போடுவார்கள், எது எங்கே என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஸ்கேனர் காட்டும் தட்டுக்கு ஓடி எடுப்பதுதான் ஆள் வேலை. பின்கோடு வாரியாகப் பிரித்து லாரியில் ஏற்றினால், மறுநாளே மதுரை. அப்புறம் ராமநாதபுரம். அதோடு சரி, வித்தை முடிந்தது.

பைக்கில் வரும் தம்பியைத் திட்டி என்ன ஆகப்போகிறது? பெரும்பாலும் பார்சலுக்கு இவ்வளவு என்றுதான் கூலி, பெட்ரோல் அவன் கைக்காசு. டவுனுக்குள் ஒரே தெருவில் பத்து கொடுத்துவிடலாம். ஒற்றை பார்சலுக்காக நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இங்கே வந்து திரும்பினால் அவனுக்கு என்ன மிஞ்சும்? சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒரு காரணத்தை அழுத்தியாக வேண்டும், 'ஆளில்லை'யை அழுத்திவிடுகிறான். இந்தக் கணக்கைப் போட்டவர்கள்தான் ஏசி அறையில் இருக்கிறார்கள்.

கஸ்டமர் கேரில் கேட்டால், "உங்கள் ஏரியா தொலைதூரம் சார்." எது தொலைதூரம்? ரோட்டுப் பாலம் 1988-லேயே திறந்தாயிற்று. இங்கே பிடித்த மீன் ஐஸ் பெட்டியில் ஏறி அதே பாலத்தைத் தாண்டிக் கேரளா வரை போகிறது. ஐஸ் உருகுவதற்குள் மீன் போய்ச் சேருகிறது, உருகாத லைட் வந்து சேராதா?

முன்னெல்லாம் மதுரை கீழமாசி வீதியிலிருந்து எங்கள் கடைக்காரர் சரக்கு எடுப்பார். லாரி வரவில்லை என்றால், "இன்னிக்கு வரலப்பா, நாளைக்கு வா" என்று முகத்தைப் பார்த்துச் சொல்வார். இப்போது எல்லோரும் போனிலேயே வாங்குவதால் அவரும் சரக்கைக் குறைத்துவிட்டார். லைட் கேட்டால், "ஆன்லைன்ல போடேன்" என்கிறார்!

வர முடியாதென்றால் அதைச் சொல்லித் தொலையுங்கள். ராமநாதபுரத்திலேயே வைத்திருங்கள், பஸ் ஏறி நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அதைச் சொல்ல அந்த ஆப்பில் ஒரு பட்டன் கிடையாது. 'பணம் திருப்பி அனுப்பப்படும்' என்பதற்கு மட்டும் இருக்கிறது.