தேய்ந்த பென்னிக்கு லட்சம் கிடைக்காது

“விக்டோரியா ராணி தலை போட்ட பழைய பிரிட்டிஷ் பென்னி தேயத் தேய மதிப்பு கூடும், ஒன்று இருந்தாலே லட்சாதிபதி” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

1860இல் வெண்கலப் பென்னி வந்தது. பெரும்பாலான ஆண்டுகளில் லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் அடித்தார்கள். 1971இல் ஒரு பவுண்டுக்கு நூறு பென்னி என்ற தசம முறை வரும்வரை அவை கைமாறிக்கொண்டே இருந்தன. நூறு வருடம் பையில் உரசிய காசு தேயாமல் என்ன செய்யும்? தேய்மானம் விலையைக் குறைக்கத்தான் செய்யும். முகம் மழுங்கிய சாதாரணப் பென்னி பிரிட்டனில் பெரும்பாலும் ஓரிரு பவுண்டுக்குள் கிடைக்கும்.

சரி, எதைப் பார்ப்பது? ஆண்டை. 1918, 1919 காசுகளில் ஆண்டுக்கு இடப்பக்கம் ‘எச்’ அல்லது ‘கேஎன்’ என்று பொடி எழுத்து இருந்தால் அது பர்மிங்ஹாமில் அடித்தது, கொஞ்சம் அரிது. லட்சங்களில் விலைபோவது 1933 பென்னி. அதில் பத்துக்கும் குறைவாகவே இருப்பதாகத் தெரிகிறது.

அப்புறம், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். இருக்கிற மதிப்பும் போய்விடும்.

எனக்கு இந்தத் தேய்ந்த காசுகள்தான் உயிர். காசின் பின்பக்கம் இருக்கும் பிரிட்டானியாவின், அதாவது பிரிட்டனைக் குறிக்கும் பெண் உருவத்தின் சூலம் கரைந்து, உட்கார்ந்த உருவத்தின் விளிம்பு மட்டும் விரலில் தட்டுப்படும். அதற்காகச் சேருங்கள், விற்கலாம் என்று வாங்காதீர்கள்.