அது வினைல் இல்லை, அரக்கு!

நேற்று ஒரு வீடியோவில் அண்ணன் ஒருவர் பழைய கிராமபோன் இசைத்தட்டை ‘பழைய வினைல்’ என்று சொல்லி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் காட்டினார். அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ‘அண்ணன் செஞ்சதுல என்ன தப்பு?’ என்று உள்பெட்டிக்கே வந்துவிட்டீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன்.

அது வினைல் இல்லை. அரக்கு. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் இந்தப் பழைய இசைத்தட்டில் ஸ்பிரிட், அதாவது ஆல்கஹால், படவே கூடாது. மர பாலிஷ் போடுகிறவரிடம் கேளுங்கள், அரக்குச் செதிலை எதில் போட்டுக் கரைக்கிறார் என்று. ஸ்பிரிட்டில்தான். பஞ்சில் கறுப்பாக வந்ததைக் காட்டி ‘எவ்ளோ அழுக்கு பாருங்க மக்களே’ என்றாரே, அது அழுக்கில்லை ஐயா, தட்டு! பாட்டு பதிந்திருந்த பள்ளத்தின் சுவரைத் துடைத்து எடுத்துக் காட்டியிருக்கிறார்.

‘எல்பி தட்டுக்கு ஆல்கஹால் கலந்த கிளீனர் விக்கிறாங்களே?’ விற்கிறார்கள். எல்பி என்கிற நீண்ட நேரம் ஓடும் தட்டு 1948-இல் வந்தது, பிவிசி வகைப் பிளாஸ்டிக். வினைல் என்பது அதுதான். தண்ணீர் கலந்த ஆல்கஹாலுக்கெல்லாம் அசையாது. 78 தட்டில் அரக்கு வெறும் பசை. எடையில் பெரும்பங்கு கற்பொடி, கறுப்புக்கு விளக்குக்கரி. அந்தக் கற்பொடி தெரியாமல் விழுந்ததல்ல. எஃகு ஊசி முதல் சில சுற்றிலேயே தேய்ந்து பள்ளத்தின் வடிவுக்கு வரட்டும் என்று போட்டது. பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்றியதும் அதனால்தான், அந்த ‘ஸ்ஸ்ஸ்’ வருவதும் அதனால்தான். 1920களில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம், நடுவில் முரட்டுச் சரக்கும் மேலே நைசான அரக்குப் படலமுமாகத் தட்டு போட்டது. இரைச்சல் எவ்வளவு குறைகிறது என்று காதுள்ளவர் கேட்கலாம்.

‘78னாலே கரகரதான்’ என்று தீர்ப்பு வேறு! எல்பி ஊசியை வைத்து ஓட்டினால் வேறென்ன கேட்கும்? எல்பி ஊசிமுனை ஏறக்குறைய 0.7 மில் (மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 78-க்கு வேண்டியது 3 மில். சின்ன ஊசி சுவரில் உட்காராமல் அடியில் கிடக்கும் பொடியைக் கிளறும். 3 மில் ஊசி போடுங்கள், ஊசி தட்டை அழுத்தும் பாரத்தை 4-5 கிராம் வையுங்கள், இரண்டு சேனலையும் இணைத்து மோனோவாக்குங்கள். மேலும் கீழுமாக ஆடுகிற இரைச்சல் அங்கேயே அடிபட்டுப் போகும். அதைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசுவோம்.

‘அப்ப எதுலதான் கழுவுறது, நிபுணரே?’ ஒரு லிட்டர் வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்), இரண்டு மூன்று சொட்டு பாத்திர சோப்புத் திரவம், மெல்லிய பிரஷ். பள்ளத்தின் போக்கிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே கூடாது. லேபிள் நனையக் கூடாது. சோப்பில்லாத நீரில் அலசி, பஞ்சு உதிராத துணியால் ஒற்றி, நிமிர்த்தி வைத்து ஆறவிடுங்கள். ஊறப்போடாதீர்கள். கொலம்பியா போட்ட மாதிரி அடுக்குத் தட்டில் விரிசல் இருந்தால் நீர் உள்ளே இறங்கிப் படலம் பெயர்ந்துவிடும். வெயிலிலும் காட்டாதீர்கள். பாண்டவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடும் இதே சரக்குதான்.

‘எங்க தாத்தா தேங்காய் எண்ணெய்தான் தடவுவாரு.’ தாத்தா நல்லவர். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

உலகத்துக்கே அரக்கு அனுப்பிய நாடு இது. அறுபதுகளிலும் இங்கே 78 தட்டு அடித்தார்கள். இங்கே அடித்த பீட்டில்ஸ் 78-க்காக வெளிநாட்டுக்காரர் பணத்தைக் கொட்டுகிறார். நமக்கோ அது ‘பழைய வினைல்’, ஒரு பாட்டில் ஸ்பிரிட், நாலு லைக்.

வீடியோவுக்குக் கீழே ஒருவர், பாடியது யார் என்று கேட்டிருந்தார். அண்ணனின் பதில்: ‘தெரியல ப்ரோ, துடைக்கும்போது லேபிள் அழிஞ்சிருச்சு.’