ஐ.ஜி.ஐ. குப்பையாம்

மூன்று நாளில் பத்துப் பேராவது அந்த வீடியோவை எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்தாச்சு. முழுசாகவே பார்த்தேன். 20 நிமிஷம் ஐ.ஜி.ஐ. என்ற பழைய கம்ப்யூட்டர் துப்பாக்கி ஆட்டத்தை ஆடி, நாலு தடவை செத்து, "இதையா நம்ம அண்ணனுங்க கொண்டாடினாங்க" என்று அந்தத் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். சிரிக்கட்டும், அவர் பொழைப்பு அது. ஆனால் "மிஷன் நடுவுல சேவ் கூடப் பண்ண முடியல ப்ரோ" என்று ஒரு வார்த்தை விட்டார் பாருங்கள், அதற்குப் பதில் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

தம்பி, சேவ் இல்லாததுதான் அந்த ஆட்டம்.

ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ. 2000-இன் கடைசியில் வந்தது. செய்தவர்கள் நார்வேயின் இன்னர்லூப் ஸ்டுடியோஸ். அதற்கு முன்னால் அவர்கள் செய்தது போர்விமான ஆட்டம், வானத்திலிருந்து தெரியும் பெரிய நிலத்தைக் காட்டும் அந்த மென்பொருள் இன்ஜினையே இதற்கும் போட்டார்கள். மற்ற ஆட்டங்களில் நாம் எலி மாதிரி சந்து சந்தாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில், இதில் மலைமேல் குந்தி பைனாகுலரில் முகாம் மொத்தத்தையும் பார்க்க முடிந்தது அதனால்தான். எந்தக் கோபுரத்தில் ஆள் இருக்கிறான், கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறது, வேலி எங்கே முடிகிறது என்று கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருப்போம். ஒரு குண்டுகூடச் சுட்டிருக்க மாட்டோம். ஏன்? கீழே இறங்கி ஒரு தப்பு செய்தால் மிஷன் முதலிலிருந்து. அலாரம் அடித்துவிட்டால் சிப்பாய்கள் தங்கும் பாரக்ஸிலிருந்து ஆள் வந்துகொண்டே இருப்பான், சுடச் சுட வருவான். அந்தப் பயம்தான் நம்மை மலைமேல் உட்கார வைத்தது. சேவ் பட்டன் இருந்திருந்தால் எவன் உட்காருவான்? அந்தத் தம்பி மாதிரி நேரே கேட்டுக்குள் ஓடியிருப்போம்.

2003-இல் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் பிரௌசிங் சென்டர். எட்டு சிஸ்டத்தில் இரண்டில்தான் கேம் ஓடும். மணிக்கு 20 ரூபாய். எனக்கு அது நாலு நாள் பஸ் காசு. உள்ளே உருண்டை வைத்த மவுஸ், அடிப்பக்க மூடியைத் திருகிக் கழற்றி உருளையில் அப்பியிருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டினால்தான் ஆட்டத்தின் ஹீரோ ஜோன்ஸ் நேராகத் திரும்புவார். இல்லாவிட்டால் குறி வைக்கும்போது துப்பாக்கி வானத்தைப் பார்க்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. 50 நிமிஷம் ஆடி, ஒரு அலாரமும் அடிக்காமல், கோபுரத்து ஆளிடமிருந்து ட்ராகுனோவ் ஸ்னைப்பர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கடைசி வேலி வரைக்கும் வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் மூச்சு விடாமல் நிற்கிறார்கள். கரண்ட் போச்சு. சென்டர் அண்ணனின் யூ.பி.எஸ். அவருடைய சிஸ்டத்துக்கு மட்டும்தான். இருட்டில் ஒருத்தன் "அடச்சே" என்றான். அவ்வளவுதான், யாரும் சிரிக்கவில்லை. சேவ் இருந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றைக்கு என் ஞாபகத்தில் இருக்குமா?

"இதெல்லாம் பழைய நினைப்புதான் பேராண்டி" என்று ஒருவர் நேற்றே இன்பாக்ஸில் எழுதிவிட்டார். சரி சார். அதனால்தான் போன வாரம் மறுபடி போட்டுப் பார்த்தேன். என் லேப்டாப்பில் அதை ஓட வைக்கவே ஒரு சனிக்கிழமை போயிற்று. திரையில் பாதியில்தான் படம் வந்தது. வீட்டில் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுத முடியாது. எதிரிகள் மக்குதான், ஒப்புக்கொள்கிறேன். ஏணிக்கு மேலே நின்றுகொண்டால் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒவ்வொருவனாக ஏறி வந்து சாகிறான். இன்னொரு பக்கம், கண்ணுக்கே தெரியாத தூரத்திலிருந்து ஒருத்தன் குறி தப்பாமல் சுடுகிறான். அந்தக் காலத்து விமர்சகர்களும் இதைத்தான் திட்டினார்கள், சேவ் இல்லாததையும் சேர்த்துத் திட்டினார்கள். அவர்களுக்கு வீட்டிலேயே சிஸ்டம் இருந்தது. விடுங்கள். முதல் மிஷனில் ஏழு தடவை செத்தேன். எட்டாவது தடவை முடித்தபோது உள்ளங்கை ஈரமாக இருந்தது. 38 வயசில், ஈ.எம்.ஐ. கட்டும் தேதியைத் தவிர வேறு எதற்கு எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது?

"திருட்டு சிடியில் ஆடியவன் பேசுகிறான் பார்" என்பவர்களுக்கு: ஆமாம். ஒரிஜினல் எந்தக் கடையில் கிடைக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. மன்னிப்பு வேண்டுமென்றால் கேட்டுக்கொள்கிறேன், அடுத்து.

"வன்முறை" என்று ஆரம்பிக்கிறவர்களோடு நான் பேசத் தயாராக இல்லை. அந்த ஆட்டத்தில் நான் சுட்டதைவிட ஒளிந்ததுதான் அதிகம்.

என் கோபம் அந்தத் தம்பி மேலே இல்லை என்பது இதை எழுத எழுதத்தான் எனக்கே தெரிகிறது. அவருக்கு 20 வயசு இருக்கும். தோற்ற இடத்திலிருந்தே தொடங்கிப் பழகியவர். அதில் அவர் தப்பு என்ன இருக்கிறது.

ஆனால் அந்த வீடியோவுக்குக் கீழே சிரிப்பு பொம்மை போட்ட நம் ஆட்களின் வரிசையில் ஒரு பெயரைப் பார்த்தேன். பெயர் எழுதவில்லை. கெமிஸ்ட்ரி ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு முகாமையும் ஸ்கேல் வைத்து வரைந்தவன் அவன். கோபுரத்துக்கு முக்கோணம், கேமராவுக்கு வட்டம், அலாரம் சுவிட்சுக்குச் சிவப்புப் பேனா. அவனிடம் காசு இருக்காது, அதனால் ஆட மாட்டான். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "இடது பக்கம் கேமராடா, இரு, இரு, இப்ப போ" என்பான். நான் முடித்த மிஷன் எல்லாம் அவன் முடித்தது. அவன் ஒரு தடவைகூட அந்த மவுஸைத் தொட்டதில்லை என்பது போன வாரம் தனியாக ஆடும்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை வருஷம் ஒரு பத்து நிமிஷம் எழுந்து இடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அதற்காகத்தான் அவன் சிரித்தானோ என்னவோ.

டேய், இதை நீ படிப்பாய் என்று தெரியும். கமெண்ட்டில் வந்து "சும்மா ஜாலிக்குடா" என்று எழுதாதே. இரண்டாவது மிஷன் முடியாமல் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, மவுஸ் உன்னிடம். நான் பின்னால் நிற்கிறேன்.