எடை கூடிய நாயைச் சாது என்று கொண்டாடுகிறோம்

"எங்கள் நாய் ரொம்பச் சாது, போட்டது போட்டபடி படுத்துக் கிடக்கும்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நான் உடனே கேட்பது அதன் எடையை. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாத அளவுக்குக் கொழுப்பு மூடிவிட்ட நாய்க்கு ஓட ஆசை இருந்தாலும் உடம்பு இடம் கொடுப்பதில்லை. மூட்டு வலிக்கிறது, சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, கொஞ்ச தூரம் நடந்ததும் உட்கார்ந்துவிடுகிறது. நாமோ அதைக் குணம் என்று நினைத்துக்கொள்கிறோம். அதே நாய் ஒரு நாள் குழந்தை தன் மேல் விழுந்ததும் பல்லைக் காட்டினால், "இத்தனை நாள் நன்றாகத்தானே இருந்தது!" என்று திகைக்கிறோம். நன்றாக இருக்கவில்லை. வலித்துக்கொண்டிருந்தது.

நாயின் உணவுக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே இறைச்சியா தானியமா, எந்தப் பொட்டலம் உசத்தி என்று விவாதம் கிளம்பிவிடுகிறது. எவ்வளவு போடுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. 10 கிலோ நாய்க்கு, சும்மா இருக்கும்போது, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 400 கலோரி வேண்டும். அதே எடையில், கருத்தடை செய்த, வீட்டோடு இருக்கும் வளர்ந்த நாய் என்றால் நடமாட்டத்தையும் சேர்த்து 600 கலோரியைச் சுற்றி வரும். தின்பண்டங்கள் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதாவது 60 கலோரி. 15 கிராம் பாலாடைக்கட்டியிலேயே அது தீர்ந்துவிடும். வீட்டில் நான்கு பேர் ஆளுக்கொரு துண்டு கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயமில்லை. 2002இல் வெளியான ஓர் ஆய்வில் 48 லாப்ரடார்களைக் குட்டிப் பருவத்திலிருந்தே ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவான உணவு, வாழ்நாள் முழுக்க. குறைவாகச் சாப்பிட்டவற்றின் ஆயுளின் நடுமதிப்பு 13 ஆண்டுகள். மற்றவற்றுக்கு 11.2. குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போனது. கிட்டத்தட்ட இரண்டு வருடம்! நாய் வளர்ப்பவர்களுக்கு அந்த இரண்டு வருடத்தின் மதிப்பு தெரியும்.

அதற்காக எப்போதும் கெஞ்சும் நாயைப் பேராசை பிடித்தது என்று திட்டுவதையும் என்னால் ஏற்க முடியாது. லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் ஒரு பகுதி விடுபட்டிருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். அந்த நாய்க்கு உண்மையாகவே பசிக்கிறது. அதன் எடையைக் குறைக்க நினைத்து உணவைத் திடீரென்று பாதியாக்கினால் குப்பையைக் கிளறும், கிண்ணத்தருகே யார் வந்தாலும் உறுமும். அளவைப் படிப்படியாகக் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டி, வயிறு நிறைந்த உணர்வைக் கொடுக்க வேண்டும்.

சரி, என்ன போடுகிறோம் என்பதற்கு வருகிறேன். இறைச்சி தின்றால் நாய்க்கு வெறி ஏறும் என்ற நம்பிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. 2000இல் நாய்களிடம் நடந்த சிறிய ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. புரதத்தின் அளவையும், டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தின் அளவையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வகை ஆக்ரோஷத்தில் வித்தியாசம் தெரிந்தது. குறைந்த புரதத்தோடு டிரிப்டோஃபேனைச் சேர்த்தபோது, தன் எல்லையைக் காக்கப் பாயும் குணம் சற்றுத் தணிந்தது. அளவு மீறித் துள்ளும் நாய்களிடமோ எந்த மாற்றமும் இல்லை. மனதை அமைதிப்படுத்தும் செரோடோனினை மூளை டிரிப்டோஃபேனிலிருந்துதான் தயாரிக்கிறது. ஆனால் மூளைக்குள் நுழைய அது மற்ற அமினோ அமிலங்களோடு போட்டியிட வேண்டும். ஆகவே புரதத்தைக் கூட்டினால் டிரிப்டோஃபேனும் கூடுதலாக மூளைக்குப் போய்ச் சேரும் என்பதில்லை. இதிலிருந்து "இறைச்சியை நிறுத்து, நாய் அடங்கிவிடும்" என்ற முடிவுக்குத் தாவுவது அநியாயம். நாள் முழுக்க அடைத்துவைத்த நாய் துள்ளுவதற்குக் காரணம் கிண்ணத்தில் இல்லை.

சக்திக்கு இனிப்பு கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமே வருகிறது. நீண்ட உழைப்புக்கு நாயின் உடல் பெரிதும் நம்புவது கொழுப்பை. பனிவண்டி இழுக்கும் நாய்கள் பந்தய நாட்களில் 10,000 கலோரிக்கு மேல் சாப்பிடுகின்றன, அதில் பாதிக்கு மேல் கொழுப்பு. சோபாவில் படுத்திருக்கும் நாய்க்கு அந்த உணவைப் போட்டால் கணையம்தான் கெடும். சாக்லேட் தின்ற நாய் நிலைகொள்ளாமல் அலைவதைச் சுறுசுறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அது சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்ற பொருள் ஏற்றிய நஞ்சு, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய நேரம். மிகச் சிறிய இனக் குட்டிகள் மட்டும் வேறு கணக்கு: ஓரிரு வேளை பட்டினி கிடந்தாலே அவற்றுக்கு ரத்தச் சர்க்கரை இறங்கித் தள்ளாடும், நடுங்கும். அவற்றுக்கு நாளுக்கு நான்கு வேளை பிரித்துக் கொடுக்க வேண்டும்.

அரிப்பையும் சொல்லியாக வேண்டும். உணவு ஒவ்வாமை உள்ள நாய் இரவெல்லாம் பாதத்தை நக்குகிறது, காதைச் சொறிகிறது, தூங்குவதில்லை. பகலில் எரிச்சலோடு கடிக்க வருகிறது. அடிக்கடி சிக்குவது மாட்டிறைச்சி, பால்பொருள், கோழி, கோதுமை. கண்டுபிடிக்க ஒரே நம்பகமான வழி, இதுவரை சாப்பிடாத புரதத்தை மட்டும் சுமார் எட்டு வாரம் கொடுத்து, பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. நடுவில் ஒரே ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் சோதனை வீண். வீட்டில் பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் ஒத்துழைத்தால்தான் நடக்கும்.

ஆனால் சுறுசுறுப்பாக இருந்த நாய் சில வாரங்களில் மந்தமாகிவிட்டால் தயவுசெய்து உணவை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ரத்தசோகை, உண்ணிக் காய்ச்சல், இதய நோய் என எதுவாகவும் இருக்கலாம். சாப்பாடு கூடாமலேயே எடை ஏறி, முடி உதிர்ந்து, எப்போதும் கதகதப்பான இடம் தேடிப் படுக்கிறது என்றால் தைராய்டு சுரப்புக் குறைந்திருக்கக்கூடும். ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும், தினசரி மாத்திரையில் பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும்.